வராத பஸ் வந்த நேரம்

சந்தாபுரா சர்க்கிளில் காலை ஐந்தேகால் மணிக்கு இரண்டு காரியங்கள் தவறாமல் நடக்கும். ஒன்று, ஆனேக்கல் ரோட்டு முனையில் டீக்கடைக்காரர் முதல் பாலைப் பொங்கி வழியவிட்டு அடுப்பைத் திட்டுவது. இன்னொன்று, எதிர்ப்புறத் தகரக் கூண்டுக்குள் டைம்கீப்பர் இளங்கோவன் ரெஜிஸ்டரைத் திறந்து, அன்று காலை ஓடவேண்டிய பஸ்களெல்லாம் ஓடிவிட்டதாக எழுதி வைப்பது.

இரண்டாவது காரியத்தில் அவருக்கு நல்ல தேர்ச்சி. 5.40 வண்டிக்கு நேராக 5.40 என்று எழுதமாட்டார், 5.43 என்று எழுதுவார். 6 மணி வண்டிக்கு 6.01. 6.20க்கு 6.24. எல்லாம் சொன்ன நேரத்துக்கு ஓடியது என்றால் எந்த அதிகாரி நம்புவார்? பெங்களூரில் எது சொன்ன நேரத்துக்கு ஓடுகிறது? இரண்டு மூன்று நிமிஷம் தாமதம் சேர்த்தால்தான் பொய்க்குக் கொஞ்சம் உண்மையின் களை வரும்.

சந்தாபுராவிலிருந்து பொம்மசந்திரா மெட்ரோ ஸ்டேஷனுக்கு ஆட்களைக் கொண்டுபோய் விடும் சின்ன பஸ்கள் அவை. ஃபீடர் பஸ் என்பார்கள். ஓர் ஒப்பந்தக் கம்பெனி நடத்துகிறது. ஆரம்பித்தபோது பூ கட்டி, தேங்காய் உடைத்து, ஏழு டிரைவர்களோடு ஆரம்பித்தார்கள். இப்போது நாலு பேர்தான். அதற்குள் நேரத்தை மூன்று முறை மாற்றியாயிற்று. ஸ்டாப்பில் தொங்கும் அட்டவணை மட்டும் முதல் நாள் போட்டது, இன்னும் பளபளவென்று இருக்கிறது.

ஒரு நடை ஓடவில்லை என்று ரெஜிஸ்டரில் ஏறினால் கம்பெனிக்கு அபராதம். அதனால் சூப்பர்வைசர் கிரண் முந்தின இரவே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவான்: நாளைக்கு 5.40, 6.00 இரண்டும் கட், ஓடினதாகப் போடவும். முதல் நாள் இளங்கோவனுக்குக் கை கூசியது. மூன்றாவது வாரத்தில் கூச்சம் போய்விட்டது. வயது ஐம்பத்து மூன்று, இரண்டு முழங்காலும் மக்கர் செய்கிற காலம், அத்திபெலேயிலிருந்து ஸ்கூட்டரில் பனியில் வந்து சேர்வதற்கே பாதி உயிர் போய்விடுகிறது. இதில் நியாயத்தைத் தூக்கிச் சுமக்க அவருக்குத் தெம்பில்லை. ஸ்கூட்டர் இருக்கும் மனிதருக்கு வராத பஸ் ஒரு நம்பர்தானே.

ஸ்டாப்பில் ஐந்தரைக்கே நாற்பது பேர் சேர்ந்துவிடுவார்கள். ஹவுஸ்கீப்பிங் பெண்கள், செக்யூரிட்டிகள், கேன்டீன் ஆட்கள். ஊரிலுள்ள பெரிய ஆபீஸ்களை விடிவதற்குள் துடைத்து, திறந்து, டீ போட்டு வைக்கிறவர்கள். எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் திரும்பியிருக்கும். ஐந்து நிமிஷத்துக்கு ஒருவர் கூண்டுக்கு வந்து கேட்பார்.

"அண்ணா, அஞ்சு நாப்பது வருமா?"

"வரும் வரும்."

வராது என்று அவருக்குத் தெரியும். ஆனால் வராது என்றால் சத்தம் போடுவார்கள், வரும் என்றால் பேசாமல் நிற்பார்கள். விடியற்காலையில் யாருக்குச் சத்தம் வேண்டும்?

அப்படிக் கேட்பவர்களில் ஒருத்தி சின்னத்தாயி. தர்மபுரிப் பக்கத்துப் பெண், நாற்பதை நெருங்குகிறாள். பி.டி.எம். லேஅவுட்டில் ஒரு கம்பெனியில் தரை துடைக்கும் வேலை, காலை ஏழு முதல் மூன்று வரை. முன்பு ஒரே பஸ்ஸில் உட்கார்ந்து தூங்கிக்கொண்டே போவாள். அந்தத் தடம் மாறிப்போன பிறகு ஃபீடர் பிடித்து, மெட்ரோ பிடித்து, இறங்கி ஒரு கிலோமீட்டர் நடை. ஒன்று பிசகினால் மூன்றும் பிசகும்.

ஒரு புதன்கிழமை 5.40ம் வரவில்லை, 6 மணியும் வரவில்லை. 6.20 வண்டி தூரத்தில் வெளிச்சம் காட்டியபோது சின்னத்தாயி கூண்டுக்கு ஓடிவந்து ஒரு நோட்டுத் தாளை ஜன்னலில் நீட்டினாள்.

"அண்ணா, அஞ்சு நாப்பது வரலைன்னு ஒரே ஒரு வரி எழுதி சீல் வச்சுக் குடுங்கண்ணா. இன்னியோட பதினோரு லேட் மார்க் ஆகுது. பஸ் வரலைன்னு எல்லாரும்தான் சொல்றீங்க, எழுதி வாங்கிட்டு வான்னு எங்க ஆபீஸ் மேடம் சொல்லிட்டாங்க. இல்லைன்னா வேலைய வுட்டுத் தூக்கிடுவாங்கண்ணா."

இளங்கோவனின் கண் தானாக ரெஜிஸ்டருக்குப் போனது. நீல மையில், அவருடைய அழகான கையெழுத்தில், 5.43.

"அதெல்லாம் நாங்க எழுதிக் குடுக்கக் கூடாதும்மா. ஹெட் ஆபீஸ்ல கேளு."

"எங்கண்ணா இருக்குது அது?"

"யஷ்வந்தபுரம்."

பஸ் வரவில்லை என்று எழுதி வாங்க மூன்று பஸ் மாறிப் போகவேண்டும். சின்னத்தாயி தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "எங்க வூட்டுக்காரருக்கு ரெண்டு கிட்னியும் போச்சுண்ணா. வாரம் மூணு நாள் நாலு மணிக்கு டயாலிசிஸ். இந்த வேலையோட இ.எஸ்.ஐ. கார்டுலதான் ஓடுது" என்று சொல்லிக்கொண்டே ஓடிப்போய் படியில் தொற்றினாள். அதைச் சொன்னது இவருக்காகவா, தனக்கேவா என்று தெரியவில்லை.

அடுத்த திங்கட்கிழமை பதினோரு மணிக்குக் கூண்டு போன் அடித்தது. பதவிசான பெண் குரல்.

"சார், நான் ஸ்ரீவித்யா. பி.டி.எம். லேஅவுட்ல ஒரு கம்பெனி அட்மின்ல இருந்து பேசறேன். உங்க அஞ்சு நாற்பது ஃபீடர் சில தேதிகள்ல ஓடிச்சான்னு செக் பண்ணிச் சொல்ல முடியுமா?"

இளங்கோவனை 'சார்' என்று யாராவது கூப்பிட்டு எத்தனையோ நாளாயிற்று. நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டி, பக்கத்தைப் புரட்டினார். அந்தப் பெண் தேதி சொல்லச் சொல்ல இவர் நேரம் சொன்னார். 5.43. 5.42. 5.44. ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை.

"தேங்க் யூ சார். ரொம்ப கிளியரா ரெக்கார்டு வச்சிருக்கீங்க."

அந்தப் பாராட்டோடு ஒரு டீ வரவழைத்தார். பாதி டீ உள்ளே போன பிறகுதான் உறைத்தது, தான் சொன்னது மொத்தம் பதினோரு தேதி. மீதி டீ இறங்கவில்லை. அது வேறு யாராவதாக இருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். திரும்பக் கூப்பிட்டுப் பேச நம்பர் இருந்தது. ஆனாலும் கூப்பிடவில்லை. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இரண்டு நாளை ஓட்டினார்.

புதன்கிழமை பதினோரு மணி வெயிலில் சின்னத்தாயி ஜன்னலுக்கு முன்னால் நின்றாள். யூனிஃபார்ம் இல்லை. சாதாரணப் புடவை.

"என்னம்மா, வேலைக்குப் போகலையா?" என்றார் இளங்கோவன்.

"வேலை இல்லண்ணா. நேத்தோட நிறுத்திட்டாங்க. பஸ்ஸு பதினோரு நாளும் ஓடியிருக்குது, நீ பொய் சொல்றேன்னு, நீங்க சொன்ன டைமெல்லாம் எழுதின பேப்பரைக் காட்டறாங்க. லேட்டா வந்தது கூடப் பரவால்ல, பொய் சொன்னதுக்குத்தான் நிறுத்தறோம்னு சொன்னாங்க."

அவள் கத்தியிருந்தால் இளங்கோவன் பதிலுக்கு இரண்டு வார்த்தை கத்தியிருப்பார். அவள் கத்தவில்லை. கத்துகிற தெம்பெல்லாம் அந்த ஸ்டாப்பில் நின்று நின்றே தீர்ந்துபோயிருந்தது.

"உங்க புக்குல வராத பஸ்ஸு வந்திருக்குது. எங்க கம்பெனி புக்குல, லேட்டா வந்தாலும் தொடச்சிட்டுப் போன நான் அரை நாள் வரலைன்னு இருக்குது. ரெண்டு புக்கையும் வச்சுக்கிட்டு அவங்க பேசறாங்க. நான் எதைண்ணா காட்டறது? நின்ன கால்ல எழுதியா இருக்குது?"

"டிரைவர் இல்லம்மா. நான் என்ன பண்றது..."

"டிரைவர் இல்லைன்னா நீங்க என்ன பண்ணுவீங்க, எனக்குத் தெரியாதா? அதுக்கு எனக்குக் கோவமே இல்லண்ணா. தினமும் வந்து வருமான்னு கேட்டேன். வரும் வரும்னு சொன்னீங்க. வராதுன்னு ஒரு தடவ சொல்லியிருந்தா ஷேர் ஆட்டோ புடிச்சிருப்பேன். இல்லைன்னா பொம்மசந்திராவுக்கு நடந்தே போயிருப்பேன். உங்க வார்த்தைய நம்பித்தாண்ணா நின்னேன்."

அதற்குமேல் அவள் நிற்கவில்லை. நாலு மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். கார்டு இன்னும் கொஞ்ச காலம் ஓடும், அப்புறம் நின்றுவிடும். அது எத்தனை நாள் என்று விசாரிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே ரோட்டைக் கடந்தாள்.

இளங்கோவன் வெகுநேரம் ரெஜிஸ்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடித்தல் திருத்தல் இல்லாத பக்கங்கள். எத்தனை நேர்த்தி! அவருக்கு வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் கையெழுத்தைப் பார்க்க அருவருப்பாக இருந்தது. வெட்கம் என்று அதற்குப் பெயர். ஐம்பத்து மூன்று வயதில் அது வரும்போது உட்காரவும் முடியாது, எழுந்திருக்கவும் முடியாது. போனை எடுத்தார்.

"மேடம், சந்தாபுரா டைம்கீப்பர் பேசறேன். அன்னிக்கு நான் சொன்ன பதினோரு நேரமும் பொய்."

"சார்?"

"அந்தப் பதினோரு நாளும் பஸ் வரலை. வந்ததா எழுதினது நான். அந்தம்மா சொன்னதுதான் நிஜம். பொய் சொன்னதுக்குத்தான் வேலைய விட்டு நிறுத்துவீங்கன்னா, நிறுத்த வேண்டிய ஆள் நான் மேடம்."

"இதை எழுத்துல குடுப்பீங்களா சார்?" என்று அந்தக் குரல் கேட்டது. போன தடவை இருந்த நளினம் இப்போது இல்லை.

எழுதினார். பதினோரு தேதியும் வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் நேராக ஓடவில்லை என்று. கீழே கையெழுத்து, சீல். போட்டோ பிடித்து அனுப்பும்போது முதல் நாள் கூசிய அதே கை மறுபடி கூசியது. கூச்சம் செத்துப்போய்விடவில்லை என்பதில் அவருக்கு ஓர் அற்ப ஆறுதல்.

வெள்ளிக்கிழமை கிரண் பைக்கில் வந்து இறங்கினான். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் கன்னடம் கலந்த தமிழில் ஆரம்பித்தான்.

"ஏன்ரீ இளங்கோ, தலை கெட்டுப் போச்சா? அந்த மேடம் உங்க லெட்டரை நம்ம ஹெட் ஆபீஸ் வரைக்கும் அனுப்பிட்டாங்க. என் வேலைக்கே உலை வெச்சுட்டீங்க. வண்டி இல்ல, டிரைவர் இல்ல, நான் எங்கேருந்து தர்றது? ஏதோ சொல்ப அட்ஜஸ்ட் மாடிக்கிட்டுப் போறோம், அது பொறுக்கலையா உங்களுக்கு?"

பாவம், அவனும் தூங்காத கண்ணோடுதான் இருந்தான். அவனுக்கு மேலேயும் ஒருவன் வாட்ஸ்அப் அனுப்புகிறான்.

"கிரண் சார், டிரைவர் இல்லாதது நம்ம குறை. அதைச் சொன்னா ஜனங்க ரெண்டு வார்த்தை திட்டிட்டு வேற வழி பார்ப்பாங்க. ஓடாத வண்டிய ஓடுச்சுன்னு எழுதறது குறையில்ல, தப்பு. நாம எழுதி எழுதித்தான் மேல இருக்கறவங்களுக்கு இங்க ஒரு குறையும் இல்லைன்னு தோணிப் போச்சு. அப்புறம் புது டிரைவர் எப்படி வருவான்? அட்ஜஸ்ட் பண்ணினது நீங்களும் இல்ல, நானும் இல்ல. அந்த ஸ்டாப்புல நிக்கறவங்க."

கிரண் பையிலிருந்து ஒரு மெமோவை எடுத்து நீட்டினான். திங்கட்கிழமை பன்னிரண்டு மணிக்கு மேனேஜரைப் பார்க்க வேண்டும்.

திங்கட்கிழமை ஐந்தேகாலுக்கு டீக்கடைப் பால் வழக்கம்போல் பொங்கி வழிந்தது. இளங்கோவன் ரெஜிஸ்டரைத் திறக்கவில்லை. டீக்கடைக்காரரிடம் பழைய விலைப்பலகை ஒன்றை இரவல் வாங்கி, சுண்ணாம்புக் கட்டியால் கன்னடத்திலும் தமிழிலும் எழுதிக் கூண்டுக்கு வெளியே சாய்த்து வைத்தார். இன்று 5.40 வண்டி இல்லை. 6.00 இல்லை. 6.20 உண்டு.

அவர் பயந்தபடியே சத்தம் வந்தது. ஒரு செக்யூரிட்டிக்காரர் அவருடைய பரம்பரையையே இழுத்துத் திட்டினார். இளங்கோவன் கேட்டுக்கொண்டார். ஐந்து நிமிஷத்தில் சத்தம் ஓய்ந்தது, நாலு நாலு பேராகச் சேர்ந்து ஷேர் ஆட்டோ பிடிக்க ஆரம்பித்தார்கள். ஐந்து ஐம்பதுக்கெல்லாம் ஸ்டாப்பில் பத்துப் பேர்கூட இல்லை. இத்தனை மாதமாக இத்தனை பேரை நிற்க வைத்திருந்தது பஸ் இல்லை, தன்னுடைய 'வரும் வரும்'தான் என்பது அவர் கண் முன்னாலேயே தெரிந்தது.

சின்னத்தாயி யூனிஃபார்மில் வந்தாள். நின்று பலகையை எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"மேடம் போன் பண்ணாங்கண்ணா. இன்னிலேருந்து வரச் சொன்னாங்க. அதே ஷிப்ட்."

"பொய்க்காரின்னு சொன்னதுக்கு ஏதாவது சொன்னாங்களா?"

"என்ன சொல்வாங்க? லேட் ஆவாம வா, அதான் சொன்னாங்க." சிரிக்கவும் இல்லை, குறைபட்டுக்கொள்ளவும் இல்லை. பிறகு அவரை ஏறிட்டுப் பார்த்தாள். "உங்களுக்கு இதனால ஏதாச்சும் ஆவுமாண்ணா?"

"பன்னெண்டு மணிக்குத் தெரியும்மா."

ஷேர் ஆட்டோவில் மூன்று பேர் ஏறிக்கொண்டு நாலாவது ஆளைக் கூப்பிட்டார்கள். சின்னத்தாயி இரண்டடி வைத்து, திரும்பிப் பலகையைக் கையால் காட்டினாள்.

"நாளைக்கு நீங்க இந்தக் கூண்டுல இல்லைன்னாலும் வர்ற ஆளுகிட்ட இதை எழுதச் சொல்லிட்டுப் போங்கண்ணா. பஸ்ஸு வரலைன்னா அரை மணி நேரந்தான் போவும். வரும்னு பொய் சொன்னா ஒருத்தரு பொழப்பே போயிடும்."

ஆட்டோ கிளம்பியது. இளங்கோவன் கூண்டுக்குள் வந்து உட்கார்ந்து ரெஜிஸ்டரைத் திறந்து, 5.40க்கு நேராக, ஓடவில்லை என்று எழுதினார்.