ஊதினது எண்டே எழுதுங்கோ

"வாயால ஊதினாரா?" என்று மரண விசாரணை அதிகாரி மறுபடியும் கேட்டார்.

ஆஸ்பத்திரி விறாந்தையில், கதிரையின் விளிம்பில் இருந்த மங்களேஸ்வரி தலையை ஆட்டினாள். "ஓம். மருந்தடிக்கிற மிசின்ர நொசில் அடைச்சுப்போச்சு. கழட்டி ஊதினவர்."

"அம்மா, கோவிச்சுக்காதீங்க. ஒங்க வீட்டுக்காரர் விவசாயப் போதனாசிரியர். களைநாசினிய எப்படிக் கவனமா அடிக்கணும்னு ஊர் ஊரா வகுப்பு எடுத்தவர். அவரே ஊதினாருன்னா யாரு நம்புவாங்க? வீட்டுல ஏதும் மனக்கஷ்டமா?"

தற்கொலையா என்றுதான் மனுசன் சுற்றி வளைத்துக் கேட்கிறார். கோபம் வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

"ஒரு கஷ்டமும் இல்லை. அவசரத்தில ஊதிப்போட்டார். ஊதினது எண்டே எழுதுங்கோ."

அவர் எழுதினார்.

நவரட்ணராஜா ஊதவில்லை. தேத்தண்ணி சூடென்றால்கூட ஊதாமல் ஆறவிட்டுக் குடிக்கிற மனுசன் அவர். "வகுப்பெடுத்து எடுத்து உங்களுக்கு ஊதவே மறந்துபோச்சு" என்று அவள் பகிடி பண்ணுவாள்.

நடந்தது வேறு. கெலிஓயாவில் ஹாஷிமின் மரக்கறித் தோட்டம். வருஷக்கணக்காக ஒரே மருந்தை அடித்ததில் புல் அதற்குப் பழகிவிட்டது. சாகாத புல்லைச் சாக்காட்டுகிறேன் பார் என்று ஹாஷிம் மருந்தைக் கடுமையாகக் கலந்து, மிச்சத்தை ஒரு சோடாப் போத்தலில் ஊற்றி வைத்திருந்தான். நவரட்ணராஜா கண்டதும் பறித்துக்கொண்டார். இப்படிப் பிடிபடுகிற போத்தலை அடுத்த வகுப்பில் தூக்கிக் காட்டி ஏசுவது அவர் வழக்கம். புல்லுக்கு மாற்று மருந்து தருகிறேன் வா என்று ஹாஷிமையும் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு அம்பிட்டியவில் இருக்கிற வீட்டுக்கு வந்தார்.

கண்டியில் குண்டு வெடித்த பிறகு அவர்கள் வீட்டுக்குக் கீழே சந்தியிலும் ஒரு சோதனைச்சாவடி முளைத்திருந்தது. அடையாள அட்டையில் பிறந்த ஊர் யாழ்ப்பாணம்; போத்தலில் லேபிள் இல்லை. இது நஞ்சு என்று சிங்களத்தில் சொல்லிப் பார்த்தார், மணந்து பார்க்கச் சொன்னார். குண்டு செய்கிற சாமான் இல்லையென்றால் குடித்துக் காட்டு என்று ஓர் இளம் ஆமிக்காரன் துவக்கை நெஞ்சுக்கு நேரே நீட்டினான். ஒரு வாய் எடுத்துத் துப்பினார். துப்பினாலும், அந்த மருந்துக்கு ஆளைக் கொல்ல ஒரு வாய் போதும். அதையும் வகுப்பில் சொல்லுகிறவர் அவர்தான்.

சாகும்வரை அறிவு தெளிவாகத்தான் இருந்தது. மூச்சுத்தான் நாளுக்கு நாள் கட்டிக்கொண்டு வந்தது. "மங்களம், நொசிலை ஊதினான் எண்டு சொல்லும். விவே நாளைக்கும் அந்தச் சந்தியாலதான் போகவேணும்."

மகன் விவேகானந்தனுக்கு உண்மை தெரியாது. தெரிந்தால் அவன் சும்மா இருக்கிற பிள்ளையுமில்லை.

செத்தவீட்டு முற்றம் நிறையத் தோட்டக்காரர்கள். அவர் இடத்துக்கு வரப்போகிற புதுப் போதனாசிரியர் அவளிடம் வந்து தயங்கி நின்றார். "அக்கா, குறை நினைக்காதேங்கோ. வகுப்பில சேரின்ர விஷயத்தைச் சொன்னா சனம் பயந்து ஊதாமல் விடும். சொல்லட்டே?"

"சொல்லுங்கோ" என்றாள்.

பின்னால் யாரோ, "ஊருக்குத்தான் உபதேசம் போல" என்று முணுமுணுத்தது அவளுக்குக் கேட்டது. ஹாஷிமுக்கும் கேட்டது. அவன் எழுந்து நேரே விவேகானந்தனை நோக்கிப் போனான். அவள் பாய்ந்துபோய் மறித்து, அவனைக் குசினிக்குள் கூட்டிப்போனாள்.

"அக்கா, இதக் கேட்டுட்டு ஈக்க ஏலா. அந்தப் போத்தல் என்ட. சேர் ஊதல்ல. மகனுக்கு மட்டுமாவது சொல்லோணும்."

"சொல்லிப்போட்டு நீங்கள் கெலிஓயாவுக்குப் போயிடுவியள். அவன் எங்க போறது?"

"சேர்ட பேர் நாறுதே, அக்கா."

"நாறட்டும்!"

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் அவளையே அறைந்தது. இருபது வருஷம் கூட வாழ்ந்த மனுசனைத் தன் வாயாலேயே இன்னொருமுறை கொன்றுவிட்டதாக நினைத்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, "எனக்குப் பிள்ளை வேணும், ஹாஷிம்" என்றாள். ஹாஷிம் தொப்பியைக் கழற்றி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான்.

பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. பிரேத வண்டி இறக்கத்தில் இறங்கியதும் அவள் வாசல் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அங்கிருந்து பார்த்தால் சந்தி நன்றாகத் தெரியும்.

சாவடியில் வண்டியை மறித்தார்கள். எல்லாரும் இறங்கினார்கள். ஓர் இளம் ஆமிக்காரன் வண்டிக்குள் எட்டிப் பார்த்தான். பெட்டியைத் திறக்கச் சொல்லவில்லை. தொப்பியைக் கழற்றினான். அவனைக் கண்டதும் ஹாஷிம் சட்டென்று திரும்பி, மலைப்பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான். அவன்தான் என்று அவளுக்கு விளங்கியது.

ஆமிக்காரன் தடையைத் தூக்கினான். வெறும் மேலோடு நின்ற விவேகானந்தன், இரண்டு கையையும் கூப்பி அவனைக் கும்பிட்டுவிட்டு வண்டியில் ஏறினான்.