இருபத்து நான்கு மணிநேரப் பசை

உருளைக்கிழங்கு எங்கே இருக்கிறது என்று டயானா கேட்டதும் அடுப்படியில் உட்கார்ந்திருந்த பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். அடுப்புப் பற்றவைக்காத வீடு. முன்னறையில் அவள் புருசன் மெல்வின் ஐஸ் பெட்டிக்குள் வெள்ளைச் சட்டையோடு கிடக்கிறான், சுற்றி இருபது பேர் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். கட்டினவள் மத்தியானம் ஒன்றரை மணிக்கு வந்து உருளைக்கிழங்கு கேட்டால் யாருக்குத்தான் திக்கென்று இருக்காது? "புள்ளைக்குப் பசி போல" என்று ஒருத்தி முணுமுணுக்க, இன்னொருத்தி டீயும் பன்னும் வாங்கிவர ஆளை அனுப்பினாள். பன்னாம் பன்னு. டயானாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாமியார் அருள்ராணி மட்டும் எழுந்துபோய்க் கூடையிலிருந்து ஒரு கிழங்கை எடுத்து, கத்தியோடு அவள் கையில் கொடுத்துவிட்டுப் பழைய இடத்திலேயே போய் உட்கார்ந்துகொண்டாள்.

வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை. உள்ளே மேசை உயரத்துக்கு ஒரு கடைசல் மிஷின். அதில்தான் மெல்வின் மரப் பேனா கடைவான். விரல் நீளக் கட்டைக்கு நடுவே நெடுகத் துளை போட்டு, அந்தத் துளைக்குள் பித்தளைக் குழாயைப் பசை தடவி இறக்கி, பசை இறுகியபிறகு வெளிப்பக்கத்தை உருட்டிக் கடைய வேண்டும். ரீபில் அந்தக் குழாய்க்குள்தான் போகும். ஒட்டும்போது குழாயின் வாய்க்குள் பசை போய்விட்டால் தொலைந்தது. அதற்குத்தான் உருளைக்கிழங்கு. வில்லையாக நறுக்கி, குழாயின் நுனியை அதில் அழுத்தினால் ஒரு துண்டு அடைப்பு மாதிரி உள்ளே மாட்டிக்கொள்ளும். பசை காய்ந்தபின் குத்தித் தள்ளிவிடலாம்.

துளை போட்ட கட்டை மிஷின் மேலேயே கிடந்தது. கந்தர்வக்கோட்டை முந்திரிக் கட்டை. கார்த்திகா டீச்சர் மாசக் கடைசியில் ரிட்டயர் ஆகிறார், அவருக்காகப் பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்த பேனா. நேற்று சாயங்காலம் துளை போட்டு முடித்து, "டயானா, இன்னைக்கே ஒட்டி வச்சிரு" என்றான். தலைவலிக்குது, நாளைக்குப் பார்க்கிறேன் என்றாள். தலைவலியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. சீரியல். காலையில் அஞ்சு மணிக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தவன், ஆட்டோ ஆஸ்பத்திரி வாசலுக்குப் போவதற்குள் முடிந்துபோனான். ஒரு குழாய். பத்து நிமிச வேலை. அதைக்கூடச் செய்து கொடுக்காமல் விட்டோமே என்று விடிந்ததிலிருந்து அவளுக்கு நெஞ்சை அறுத்துக்கொண்டிருந்தது.

ஒட்டுகிற வேலை எப்போதும் அவளுடையது. ஆரம்பத்தில் அவன்தான் ஒட்டினான், உடனே பிடிக்கிற குயிக் பசையை வைத்து. ஒருதரம் தேக்குக் கட்டையில் குழாய் பாதி இறங்கும்போதே கவ்விக்கொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. இன்னொரு பேனா வாங்கினவர் கையிலிருந்து கீழே விழுந்து, உள்ளே குழாய் தனியாகச் சுற்ற ஆரம்பித்துத் திரும்பி வந்தது. அதோடு, எனக்குப் பொறுமை பத்தாது, ஒட்டுறது ஒன் பாடு என்று ஒதுங்கிக்கொண்டான். பேனாப் பெட்டியில் மட்டும் 'மெல்வின் பேனா' என்று அச்சடித்தான். அதுக்கென்ன, இருந்துவிட்டுப் போகட்டும்.

பித்தளைக் குழாயை உப்புத்தாளில் தேய்த்துச் சொரசொரப்பாக்கிக்கொண்டிருந்தபோது மெல்வினின் அண்ணன் பீட்டர் வாசலில் வந்து நின்றார். அழுது அழுது கண் வீங்கியிருந்தது. கொட்டகைச் சாவியைக் கேட்டார். புதுக்கோட்டையில் ஃபர்னிச்சர் கடை வைத்திருக்கிறவரிடம் பேசிவிட்டாராம், நாளை மத்தியானம் வண்டி வந்து மிஷினை ஏற்றிக்கொள்ளுமாம். இந்தப் பசை நாத்தம்தான் தம்பியைக் கொன்றது, இனி இந்த வீட்டில் இது வேண்டாம் என்றார். மூணாம் நாள் கழிந்ததும் அவள் அரிமளத்தில் அம்மா வீட்டுக்குப் போய்விடுவது நல்லது, எல்லாரும் பேசி முடித்தாயிற்றாம்.

எல்லாரும். அந்த எல்லாரிலும் அவள் இல்லை.

"டாக்டர் நெஞ்சடைப்புன்னு எழுதிக் குடுத்துருக்காருங்க மாமா. பசைன்னு எழுதல."

பீட்டர் ஸ்டூலில் உட்கார்ந்தார். அவர் கெட்டவர் இல்லை, அதுதான் சங்கடம். அவள் கையிலிருந்த கட்டையைப் பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது.

"இது அவன் கடைசியாத் தொட்டதா? அஞ்சு நிமிசத்துல பிடிக்கிற பசை இருக்குல்ல, அதைப் போட்டு ஒட்டிக் குடும்மா. கடைசிப் பேனான்னு அவன் பையிலயே வச்சு அனுப்பிருவோம்."

டயானாவின் கண் அலமாரிக்குப் போனது. மேல் தட்டில் குயிக் பசை. நடுத் தட்டில் அஞ்சு நிமிச எப்பாக்ஸிப் பசை. அடித்தட்டில் பெரிய டப்பாக்கள் இரண்டு, ரெசின் ஒன்று, அதோடு கலக்கிற ஹார்டனர் ஒன்று. அது இறுக ஒரு நாள் முழுசாக வேண்டும். அதுவரை கட்டையைத் தொடக்கூடாது. ஆனால் பிடித்தால் பிடித்ததுதான். பேனா மேல் டிராக்டரை ஏற்றினாலும் குழாய் கழன்று வராது.

குனிந்து அடித்தட்டிலிருந்து இரண்டு டப்பாக்களையும் எடுத்தாள்.

பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றின் மேல் இரண்டையும் சரிபாதியாக ஊற்றி, குச்சியால் கலக்கினாள். கிளவுஸ் போடவில்லை. அதுக்காகவே அவன் தினம் திட்டுவான். இன்றைக்குத் திட்ட வரட்டுமே, பார்ப்போம். கிழங்கு வில்லையில் குழாயின் நுனிகளை அழுத்தி அடைத்தாள், சுற்றிலும் பசை தடவினாள், துளைக்குள் கொஞ்சம் விட்டாள், குழாயை இங்கிட்டும் அங்கிட்டுமாகத் திருகித் திருகி உள்ளே இறக்கினாள். வழிந்ததை விரலால் வழித்தாள். ஓரம் மட்டமாக வந்து நின்றது.

"எவ்வளவு நேரமாகும்?" என்றார் பீட்டர்.

"நாளைக்கு இந்நேரம் ஆயிரும்."

"நாலு மணிக்கு எடுக்கப்போறோம் டயானா."

"தெரியும். இது அவருக்கு இல்லீங்க மாமா, டீச்சருக்கு. கடைசிப் பேனாவும் இல்லை. நாளைக்கு மத்தியானம் மிஷின்ல எனக்கு வேலை இருக்கு."

"ஒனக்குக் கடையத் தெரியுமா?"

"அவரு சட்டப் பையில ஒரு பேனா குத்தி வச்சிருக்கேன், பாத்தீங்களா? நடுவுல வயிறு தள்ளி, கோணலா இருக்குமே. அது நான் கடைஞ்சது. மூணு வருசமா அதைத்தான் வச்சிருந்தாரு. அவரு கடைஞ்சது ஒண்ணைக்கூட வச்சிக்கல."

அவர் முன்னால் அழக்கூடாது என்றிருந்தாள், அழுதுவிட்டாள். அழுதுகொண்டே கட்டையை அலமாரியில் நிறுத்தி வைத்து, பீட்டரை வெளியே வரச்சொல்லி, கொட்டகையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

நாலு மணிக்குப் பெட்டியை எடுத்தார்கள். கோயிலில் பூசை முடிந்து கல்லறைக்குப் போகும்போது வெயில் தாழ்ந்திருந்தது. சாமியார் மந்திரித்து முடித்ததும் பிடி மண் போடச் சொன்னார்கள். டயானா குனிந்து அள்ளிப் போட்டாள். மூன்றாவது பிடியையும் போட்டுவிட்டுக் கையை உதறினாள். விரல் நுனிகளில் செம்மண் அப்படியே நின்றது. மறுபடி உதறினாள். விழவில்லை.

பீட்டர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார்.

"தண்ணிக்குப் போகாதுங்க மாமா."

அவர் பாட்டிலை மூடினார். "வண்டிக்காரனுக்கு என்ன சொல்ல?" என்று கேட்டார்.

"ஒட்டுனது இன்னும் காயலைன்னு சொல்லுங்க."

அருள்ராணி வந்து அவளுடைய இடது கையைப் பிடித்துக்கொண்டாள். வலது கை விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாதபடி அகல விரித்துப் பிடித்துக்கொண்டு டயானா வீட்டுக்கு நடந்தாள்.