மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில்

வீட்டில் அவளுக்கு வாயில்லாப்பூச்சி என்றுதான் பெயர். பத்தாம் வகுப்பு. அன்று கணக்குப் பரீட்சையில் வினாத்தாளை வாங்கியதுமே நெஞ்சு படபடத்து விரல்கள் மரத்துப்போக, வெற்றுத்தாளைக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். இது மூன்றாவது முறை. இன்றாவது சொல்லிவிட வேண்டும் என்று அப்பா வேலை பார்க்கும் கட்டடத்துக்கே வந்துவிட்டாள்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். "பரீட்சை எப்படி?" என்று அவர் கேட்பதற்குள் லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுபோனது. உள்ளே, அந்தக் கட்டடத்தில் கிளினிக் வைத்திருக்கும் பல் டாக்டர் ஒருவர் மாட்டிக்கொண்டிருந்தார்.

"உள்ள ஒட்டியிருக்கறது என் நம்பர்தான். கூப்பிட்டாங்கன்னா பேச்சுக் கொடு, சும்மா மட்டும் விட்டுடாத." போனை அவள் கையில் திணித்துவிட்டு, மோட்டார் அறைக்கு இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினார்.

போன் அடித்தது.

"மூச்சு முட்டுது... காத்தே இல்ல..."

"மேல ஓட்டை இருக்கு டாக்டர், காத்து வரும். கை மரத்துப்போகுதா?"

"ஆமா! உனக்கெப்படித் தெரியும்?"

"அடுத்து செத்துடுவோம்னு தோணும். தோணும், அவ்வளவுதான். கொஞ்ச நேரத்துல தானா இறங்கிடும். கீழ உக்காருங்க. மூச்சை மெதுவா, நீளமா விடுங்க."

"நீ நர்ஸாம்மா?"

"பத்தாவது. பரீட்சை ஹால்ல எனக்கு மூணு தடவை வந்துடுச்சு."

சொன்ன பிறகுதான் உறைத்தது. யாரிடமும் சொல்லாததைச் சொல்லிவிட்டாள். கட்டடம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

"வீட்ல தெரியுமா?"

"இன்னும் இல்ல."

லிஃப்ட் ஒரு குலுங்கு குலுங்கி இறங்கியது. வியர்த்து வழிய வெளியே வந்த டாக்டர், மூச்சிரைக்க வந்த அப்பாவிடம், "உங்க பொண்ணுதான் பேசிப்பேசி என்னை உக்கார வச்சா," என்றார்.

"யாரு, வாயில்லாப்பூச்சியா?"

"அப்பா," என்றாள் அவள். "நான் இன்னைக்குப் பரீட்சை எழுதல. படிச்சுட்டுதான் போனேன். ஆனா டாக்டருக்கு உள்ள வந்த மாதிரியே எனக்கு ஹால்ல வருது. என்னை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க."

அப்பா திகைத்துப்போய்ப் பல் டாக்டரைப் பார்த்தார்.

"இவங்க இல்லப்பா! மனசுக்குப் பாக்கறவங்க."

டாக்டர்தான் முதலில் சிரித்தார். "எனக்குத் தெரிஞ்சவங்க இருக்காங்க. நம்பர் தரேன்."

அப்பா சிரிக்கவில்லை. கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்து, பக்கத்து இடத்தைத் தட்டினார்.

"மொதல்லேர்ந்து சொல்லு. நடுவுல நான் பேசமாட்டேன்."

சொன்னதை மறந்து இரண்டு முறை குறுக்கே வந்தார். இரண்டு முறையும் அவள் விடவில்லை.

"இருங்கப்பா. இன்னும் முடிக்கல."