கடலை லொறியில் ஏறியது

இறக்கக்கண்டிக் கடற்கரையில் இருந்த ஒரு சிறிய விடுதியில், உல்லாசப் பயணிகளை மணலில் ஏற்றிச் செல்வதற்கென்று மூன்று குதிரைகள் நின்றன. அவற்றைப் பராமரித்தவள் சோபனா. மூன்றில் இளையது ஐந்து வயதுப் பெண்குதிரை. வறுத்த கடலையின் நிறம் என்பதால் அதற்குக் கடலை என்றே பெயர் வைத்திருந்தாள்.

கடலைக்குத் தாண்டுவதில் விருப்பம் என்பது தற்செயலாகத்தான் தெரியவந்தது. கரையில் கிடந்த மரக்குற்றியை ஒருநாள் அது கேட்காமலே தாண்டிவிட்டது. அன்றிலிருந்து எட்டு மாதம் சோபனா அதைப் பழக்கினாள். முதலில் மணலில் கிடத்திய கம்புகள். பிறகு குறுக்கே கட்டிய கம்புகள். கடைசியில் அவளுடைய முழங்காலுக்கு மேலே ஒரு சாண் உயரம். கண்டி நகருக்குப் பக்கத்தில் புதிதாகப் போட்டியிடும் குதிரைகளுக்கென நடக்கவிருந்த தாண்டல் போட்டிக்கு, விடுதி முதலாளியின் சம்மதத்தோடு பெயரும் கொடுத்தாள்.

போட்டிக்கு மூன்று கிழமை இருக்கையில், கடலையை ஏற்றிப் பார்ப்பதற்காக லொறியை வரச்சொன்னாள். லொறிக்காரர் முனாப் அதே ஊர். தோப்பூர்ப் பக்கத்திலிருந்து மாடு ஏற்றுபவர். லொறியின் பின்பக்கத்தில் ஏறுவதற்கான பலகையைச் சரித்து வைத்ததும் கடலை அதில் ஒரு முன்கால் வைத்தது. அடுத்த கணம் பின்னங்காலில் எழுந்து நின்றது. கயிறு சோபனாவின் உள்ளங்கையை உரித்துக்கொண்டு போனது. இரண்டாம் தரமும் அப்படியே. மூன்றாம் தரம் அது பலகைக்குக் கிட்டவே வரவில்லை.

சோபனா மணலில் குந்திவிட்டாள். எட்டு மாத உழைப்பு இந்தப் பலகையோடு முடிந்தது என்றுதான் நினைத்தாள். முனாப் அவளுடைய கையைக் கழுவத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். பிறகு பலகையின் மேல் தானே இரண்டு தரம் ஏறி இறங்கிப் பார்த்தார்.

“லொறிக்குப் பயமில்ல தங்கச்சி. கால் வைக்கக்குள்ள கேக்கிற சத்தத்துக்குத்தான் பயம். மணல்ல நடந்த பிள்ளைதானே.”

அடுத்த நாள் பின்னேரம் லொறி ஓட்டம் முடிந்ததும் அவர் வீட்டுக்குப் போகாமல் நேரே விடுதிக்கு வந்தார். லொறியின் பின்பக்கத்தை ஒரு மணல்மேட்டோடு ஒட்டி நிறுத்தினார். இப்போது பலகை ஏறக்குறைய மட்டமாகக் கிடந்தது. அதன்மேல் பழைய சாக்குகளை விரித்து, மண்வெட்டியால் மணலை அள்ளிப் பரப்பினார். சோபனா உள்ளே புல்லை வைத்துவிட்டு விலகி நின்றாள். யாரும் கயிற்றை இழுக்கவில்லை. அன்று கடலை பலகையை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பியது. ஐந்தாம் நாள் முன்னங்கால்கள் ஏறின. ஒன்பதாம் நாள் முழுதாக உள்ளே போய் நின்று புல்லைத் தின்றது. அதன்பிறகு முனாப் நாளுக்கு நாள் மணலைக் குறைத்தார், பிறகு சாக்குகளை எடுத்தார். கடைசிக் கிழமையில் கடலை வெறும் பலகையில் தடதடவென்று ஏறியது.

ஒருநாளும் அவர் அவசரப்படவில்லை. மழை பெய்த நாளிலும் வந்தார். ஏன் இவ்வளவு சிரமப்படுகிறீர்கள் என்று சோபனா கேட்டதற்கு, அது ஏறுவதைப் பார்க்காமல் விடத் தனக்கு ஏலாது என்று மட்டும் சொன்னார்.

போட்டி மைதானத்தில் பதினொரு குதிரைகள். இரண்டாவது தடையில் கட்டியிருந்த மஞ்சள் பூக்களைக் கண்டு கடலை நின்றுவிட்டது. அதன்மேல் இருந்த சோபனா ஒரு வட்டம் சுற்றிவந்து, கடிவாளத்தை இளக்கி, மறுபடி அந்தத் தடையின் முன்னே கொண்டுவந்தாள். தாண்டியது. மிச்சத் தடைகளில் கடைசியில் மட்டும் ஒரு கம்பு விழுந்தது. எட்டாம் இடம் கிடைத்தது.

வேலிக்கருகே முனாப் தண்ணீர் வாளியோடு நின்றார். சோபனா இறங்கி, கடலையின் கழுத்தைத் தடவினாள்.

“முனாப் நானா, நீங்கள் இல்லாட்டி நாங்கள் ரெண்டு பேரும் இந்த இடத்தைக் கண்டிருக்க மாட்டம்.”

“தாண்டினது அதுவும் நீங்களும்,” என்றார் முனாப். வாளியைக் கடலைக்கு முன்னால் வைத்தார். அவருடைய கண் கலங்கியிருந்தது.

திரும்பி வரும் வழியில் ஹபரணையில் தேநீர் குடிக்க நிறுத்தியபோது முதலாளி தொலைபேசியில் அழைத்து, எத்தனையாம் இடம் என்று கேட்டார். சோபனா அதைச் சொல்வதற்கு முன்னால், மணல்மேட்டிலிருந்து தொடங்கி முனாப் செய்த எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள்.