அழிய மறுத்த கோப்பு

காலையிலிருந்து அந்த ஒரு கோப்பு என் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. நன்னிலத்தில் என் ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரில் மாட்டியிருக்கும் பழைய ஹார்ட் டிஸ்க் நிரம்பிவிட்டதென்று பழைய ஸ்கேன்களை அழித்தேன். வருடத்துக்கு ஒரே பெரிய கோப்பாகச் சேர்த்துவைப்பது என் வழக்கம். எல்லாம் போய்விட்டன. ஒரு ஃபோல்டர் மட்டும் ‘காலியாக இல்லை’ என்று எச்சரித்தது. உள்ளே, புள்ளியில் தொடங்கும் வாயில் நுழையாத பெயரோடு ஏதோ ஒன்று. அழித்தால் பெயரின் கடைசியில் வேறு எண்ணோடு திரும்ப வந்து உட்கார்ந்தது. பதினோரு தடவை அழித்தேன். விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸைப் போட்டுத் தந்துவிட்டு ரியாத் போய்விட்ட தம்பி அப்சரைத் திட்டிக்கொண்டே அழித்தேன்.

அப்போதுதான் கலைமகள் வந்தாள். நாற்று பறித்துக்கொண்டிருந்தவள் சேற்றுக் காலோடு ஓடி வந்திருந்தாள்.

“தஹ்மீனாக்கா, குவைத்து போறப்ப எங்க வீட்டுக்காரரு பாஸ்போர்ட்ட இங்கதானே ஸ்கேன் பண்ணோம்? ஒரு காப்பி வேணும். கம்பெனிக்காரன் பாஸ்போர்ட்ட புடுங்கி வச்சுக்கிட்டான். ஒளிஞ்சு கெடக்குறாரு. இப்படி இருக்கறவங்களுக்கு அந்த அரசாங்கம் குடுத்த பொதுமன்னிப்பு இன்னியோட முடியுதாம். காப்பிய காட்டுனாதான் ஊருக்கு வர பேப்பர் குடுப்பாங்களாம். வீட்ல இருந்தது புயல்ல போச்சுக்கா.”

எந்த வருடம் என்று கேட்டேன். அதே ஃபோல்டரின் வருடம். அவளை உட்காரச் சொல்லிவிட்டு, பின்பக்கம் போய் அப்சரைப் போனில் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

“லாத்தா, அந்தப் புள்ளி வச்சது இன்னும் இருக்கா?”

“போகவே மாட்டேங்குது.”

“அல்லாஹ் காப்பாத்துனான். நீ அழிச்ச கோப்பே அதுதான், பேரு மட்டும் மாறியிருக்கு. ஏதோ ஒரு புரோகிராம் அதைத் திறந்து வச்சிருக்கு, அதான் சாகாம கெடக்கு. எதையும் மூடாத, மூடினா போயிரும். பென்டிரைவ்ல காப்பி போடு. நடுவுல கரண்டு நின்னா அந்தப் பழைய டிஸ்க் என்னாகும்னு என்னால சொல்ல முடியாது.”

காப்பி பதினாலு சதவீதம் ஆகியிருந்தபோது கரண்ட் போனது. யூபிஎஸ் கத்த ஆரம்பித்தது. அதன் பேட்டரி பத்து நிமிடம் தாங்கினால் பெரிய விஷயம். இதற்கு மேல் மறைக்க முடியவில்லை.

“கலை, நான்தான் அழிச்சிட்டேன். இன்னும் முழுசா போகல. இந்தப் பெட்டி தாங்குற வரைக்கும்தான்.”

அவள் யூபிஎஸ்ஸையே பார்த்தாள்.

“இதுல என்னென்ன ஓடுது?”

“கம்ப்யூட்டரும் திரையும்.”

“திரைய நிறுத்துங்க.”

நிறுத்தினேன். இனி எத்தனை சதவீதம் என்று தெரியாது. கலைமகளின் மடியில் போன் அதிர்ந்தது. அவள் வீட்டுக்காரர் செந்தில்குமார். அவள் எடுக்கவும் இல்லை, துண்டிக்கவும் இல்லை. யூபிஎஸ் கத்தும் இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. காப்பி இன்னும் ஓடுகிறது என்பதற்கு அடையாளமாக, பென்டிரைவின் சிவப்பு விளக்கு மட்டும் விட்டு விட்டு மின்னியது. காற்றுக்கு அகலை மறைப்பதுபோல, தொடாமல், அதைச் சுற்றித் தன் சேற்றுக் கையைக் குவித்து வைத்திருந்தாள்.