கார் மாற்றிக் கேட்டவள்

சின்ன இடைவெளி கிடைத்தாலும் நுழைந்துவிடுவாள் என்று, குட்டிக் கார்ட் வண்டி ஓட்டிய வயதிலேயே அவளுக்கு எலி என்று பெயர் வைத்துவிட்டார்கள். பத்தொன்பது வயதில் ஒற்றை இருக்கைக் கார் பந்தயத்தின் முதல் படிக்கு வந்தபோது பெயர் கூடவே வந்தது. வெற்றி மட்டும் வரவில்லை.

அந்தப் பிரிவில் எல்லாருக்கும் ஒரே கார், ஒரே இன்ஜின், ஒரே டயர். யாருக்கு ஓட்டத் தெரியும் என்று பார்ப்பதற்காகவே அந்த ஏற்பாடு. நான்கு பந்தயம் முடிந்தும் எலி பத்தாம் இடத்தைத் தாண்டவில்லை. அதே அணியில் ஓட்டிய நெட்டையன் மூன்று கோப்பை வாங்கிவிட்டான்.

ஐந்தாவது பந்தயத்துக்கு முந்தைய வாரம், பயிற்சியின்போது அவள் வாயை விட்டாள். காரில் ஏதோ கோளாறு, மூன்றாவது வளைவில் பின்பக்கம் நழுவுகிறது என்று மேலாளரிடம் சொல்லிவிட்டாள். அந்தக் காரைப் பிரித்துப் பூட்டும் மெக்கானிக் அவளுடைய சொந்த அக்கா. ஸ்பானரும் கையுமாகப் பக்கத்தில்தான் நின்றாள்.

"மாத்திக் குடுங்க சார். இதை நெட்டையன் ஓட்டட்டும்," என்றாள் அக்கா. குரல் உயரவில்லை.

அவரவர் உடம்புக்கு அளவெடுத்துச் செய்த இருக்கைகளைக் கழற்றி மாற்றிப் பொருத்த ஒரு மணி நேரம் பிடித்தது. எலியின் காரில் ஏறிய நெட்டையன் காலையில் தன் காரில் ஓட்டியதைவிட வேகமாகச் சுற்றி வந்தான். அவன் காரில் போன எலி அதே வளைவில் அதே மாதிரி வழுக்கினாள். ஹெல்மெட்டைக் கழற்றவே அவளுக்கு மனம் வரவில்லை.

இன்ஜினியர் கணினியில் இரண்டு கோடுகளைக் காட்டினார். நெட்டையன் பிரேக்கைத் தாமதமாக, பலமாக மிதித்து, கார் வளைய வளையக் காலைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்திருந்தான். எலியோ முன்கூட்டியே மிதித்து, படக்கென்று விட்டுவிட்டாள். கார்ட்டில் அது போதும். இங்கே முன்சக்கரத்தின் பிடி போய், அவள் ஸ்டீயரிங்கை வெடுக்கென்று திருப்ப, பின்பக்கம் நழுவியது.

அவள் நேரே அக்காவிடம் போனாள். "தப்பு என் காலுலதான்க்கா."

"தெரியும். காருன்னா நான் பிரிச்சுப் பூட்டிடுவேன். காலை நீதான் சரி பண்ணணும்."

அன்றிலிருந்து மதியச் சாப்பாடு ஆறிக்கொண்டிருக்க, எலி நின்ற காரில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்து மிதித்து விட்டாள். மிதியின் அழுத்தத்தை இன்ஜினியர் திரையில் பார்த்துச் சொன்னார். பந்தயத் தடத்தில் முதலில் நிலைமை மோசமானது. இரண்டு முறை சுழன்று ஜல்லியில் போய் நின்றாள். காரில் சிக்கிய கல்லை அக்கா நோண்டி எடுத்தாள். எலி மறுபடி ஏறினாள்.

பந்தயத்தில் ஒன்பதாவதாகப் புறப்பட்டவள் ஆறாவதாக வந்துகொண்டிருந்தாள். கடைசிக்கு முந்தைய சுற்றில் முன்னால் நெட்டையன். மூன்றாவது வளைவில் அவனுக்கும் பிறகு பிரேக் பிடித்து, காலை மெல்ல மெல்ல விடுவித்து, உட்புறமாக நுழைந்து தாண்டினாள். ஐந்தாம் இடம்.

ஆண்டு முடிவில் நெட்டையன் அடுத்த படிக்குப் போனான். எலியையும் ஓர் அணி கூப்பிட்டது. அவள் மேலாளரிடம் இன்னும் ஒரு வருடம் இங்கேயே ஓட்டுவதாகச் சொன்னாள்.

"இருபது சுத்துல பன்னெண்டுலதான் சார் கால் என் பேச்சைக் கேக்குது. இருபதுலயும் கேக்கட்டும், போறேன்."

அடுத்த ஆண்டுக்கான படிவத்தில், மெக்கானிக் என்ற இடத்தில் அக்கா தானே கையெழுத்துப் போட்டாள்.