கேட்டவர் கையொப்பம்

பதினான்கு பரிந்துரைகள். பதினான்குக்கும் எதிரே ‘நிறைவேற்றப்பட்டது’. ஒன்றுக்காவது ‘பரிசீலனையில்’ என்று போட்டிருந்தால் நம்பியிருப்பாள். கண்காணிப்புக் குழுவுக்கு நகராட்சி அனுப்பிய அந்தப் பதில் தாளைப் பார்த்ததுமே அவளுக்கு மூக்கில் வேர்த்துவிட்டது.

தையல் கம்பெனியின் செக்கிங் பிரிவில் பதினாறு வருடமாகக் குப்பை கொட்டுபவள் அவள். ஆயிரம் சட்டையில் ஒன்றில்கூட நூல் பிரியவில்லை என்று யாராவது சொன்னால், அந்த ஆள் சட்டையைப் பார்க்கவே இல்லை என்று அர்த்தம். குடிமக்கள் கண்காணிப்புக் குழுவில் அவளுக்குப் ‘பூதக்கண்ணாடி’ என்று பெயர் வைத்திருந்தார்கள். முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள். அதுவும் அவளுக்குத் தெரியும்.

ஒன்பதாவது பரிந்துரை அவள் கொண்டுவந்தது. போன மழைக்காலத்தில் சொல்லாமல் கொள்ளாமல் மதகைத் திறந்துவிட்டார்கள். கால்வாயில் இறங்கித் துணி அலசிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு பெயிண்டரின் மனைவி வீடு திரும்பவில்லை. அதற்குப் பிறகுதான், மதகு திறப்பதற்குப் பத்து நிமிடம் முன்னால் சைரன் ஊத வேண்டும், திங்கள்தோறும் காலை பத்து மணிக்கு அதை ஊதிப் பார்க்க வேண்டும், கரையில் குடியிருக்கும் ஒருவர் கேட்டதாகக் கையெழுத்துப் போட வேண்டும் என்று எழுதினாள். கடைசி வரியைப் படித்துக் குழுவில் சிரித்தார்கள்.

“ஊதினோம்னு அவங்களே எழுதிக்குவாங்க. கேட்டோம்னு நம்மாளு எழுதணும்” என்று ஒற்றைக்காலில் நின்று அதைச் சேர்க்க வைத்தாள்.

இப்போது மழைக்கு இரண்டு வாரம்கூட இல்லை.

“அந்தப் பதிவேட்டக் காட்டுங்க” என்றாள் கூட்டத்தில். நகராட்சிப் பொறியாளர் முகம் சுளிக்கவில்லை. நகலைத் தயாராகக் கையிலேயே வைத்திருந்தார். சிரித்துக்கொண்டே வேறு கொடுத்தார். கேட்டதும் கிடைக்கிற தாள் நல்ல தாளாக இருக்காது என்பது அவளுடைய கட்சி.

முப்பத்தொரு திங்கட்கிழமைகள். ‘கேட்டவர் கையொப்பம்’ என்ற பத்தியில் முப்பத்தொன்றும் ஒரே ஆளுடையது. கடைசி எழுத்துக்கு நீளமாக ஒரு வால், வாலுக்குக் கீழே இரண்டு புள்ளி. அந்த வாலை அவள் மகளின் மதிப்பெண் அட்டையில் வருடக்கணக்காகப் பார்த்துவருகிறாள். அவளுடைய வீட்டுக்காரரின் கையெழுத்து.

“பாத்துட்டுத் தர்றேன்” என்று தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

கால்வாய்க் கரையில் வீடு, வீட்டுக்கு முன்னால் அவருடைய டிங்கரிங் கடை. நசுங்கிய வண்டிக் கதவுகளைத் தட்டித் தட்டி நிமிர்த்துவது இருபத்தைந்து வருடத் தொழில். அன்று வீட்டுக்கு நடக்கும்போது ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. போன மாதம் நகராட்சிக் குப்பை வண்டி ஒன்று கடையில் நின்றது. “இது எப்படி நம்ம கடைக்கு வந்துச்சு?” என்று அவள் கேட்டதற்கு, “ம்” என்றார். கொஞ்ச நாளாக எதைக் கேட்டாலும் ‘ம்’தான். போன் அடித்தால் எடுப்பதில்லை, “நீயே பேசிடு” என்று நகர்ந்துவிடுகிறார். டிவியை வீடே அதிர வைக்கிறார், பேச்சுக் கொடுக்கக் கூடாதாம். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. குழுவில் அவள் குரலெடுத்துப் பேசிக்கொண்டிருக்க, வீட்டுக்குள்ளேயே ஆளைப் பிடித்துவிட்டார்கள்.

அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் ஒரு பொய் கிடைக்கும். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

திங்கட்கிழமை வழக்கம்போலச் சாப்பாட்டு டப்பாவுடன் கிளம்பினாள். தெருவைச் சுற்றி வந்து பெயிண்டர் வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த பெயிண்டருக்கு ஒன்றும் புரியவில்லை.

“சைரனா? பகல்ல நான் எங்க இருக்கேன் கேக்குறதுக்கு? உங்க வீட்டுக்காரர் வாராவாரம் கேக்குறாராமே. அந்த தைரியத்துலதான் பிள்ளைங்கள விட்டுட்டுப் போறேன்” என்றார்.

அவள் தலை குனிந்தாள்.

பத்து மணி ஆனது. பத்தே கால் ஆனது. கடையிலிருந்து சுத்தியல் சத்தம் மட்டும் வந்தது. மதகுக் காவலாளி சைக்கிளில் வந்து இறங்கி, கடைக்குள் போய்ப் பதிவேட்டை நீட்டினான். அவள் செருப்புகூடப் போடாமல் ஓடினாள்.

“கேட்டுச்சாண்ணே?” என்று காவலாளி கேட்டுக்கொண்டிருந்தான்.

வீட்டுக்காரர் சுத்தியலை வைத்துவிட்டுக் காவலாளியின் வாயையே பார்த்தார். “ம், கேட்டுச்சு” என்று பேனாவை வாங்கினார்.

“எங்க கேட்டுச்சு?” அவள் போட்ட சத்தத்தில் காவலாளி பதிவேட்டை நழுவவிட்டான். “நானும் பத்து மணியிலேருந்து காதத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன். ஒரு ஈ பறந்த சத்தம்கூட வரல!”

“அக்கா, நான் சுவிட்சப் போட்டேன். செவப்பு லைட்டு எரிஞ்சுது. மோட்டார் சத்தத்துல அங்க எதுவும் கேக்காதுக்கா. அதனாலதான அண்ணன்கிட்ட வந்து கேக்குறோம்? அண்ணன் கேட்டுச்சுங்கிறாரு, நாங்க எழுதிக்கிறோம்” என்று காவலாளி அழாக்குறையாகச் சொன்னான்.

அவள் கணவர் பக்கம் திரும்பினாள். “எத்தன நாளா நடக்குது இது? அந்தக் குப்பை வண்டிக்காகவா? பக்கத்து வீட்டு அண்ணன் மூஞ்சில எப்படிங்க முழிக்கிறீங்க?”

அவர் கோபப்படவில்லை. அவள் உதடுகளையே பார்த்தபடி, “இன்னைக்கு ஊதவே இல்லையா?” என்றார்.

“இல்ல.”

“போன வாரமும் ஊதியிருக்காதோ?”

“ஒரு நாளும் ஊதியிருக்காது!”

அப்போது அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்து அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவர் ஸ்டூலில் உட்கார்ந்து, சின்னப் பையனைப் போலச் சிரித்தார்.

“மொத வாரம் எனக்குக் கேக்கலம்மா. இவன் வந்து ‘கேட்டுச்சா’ங்கிறான். ஊருக்கே கேட்டது எனக்கு மட்டும் கேக்கலன்னு எப்படிச் சொல்றது? காது போயிடுச்சுன்னு தெரிஞ்சா யாரு வண்டி விடுவா? இஞ்சின் சத்தத்த வெச்சே கோளாறு சொல்றவன்னு பேரு எனக்கு. போட்டுட்டேன். அடுத்த வாரம் எப்படி மாத்திச் சொல்றது? ஒவ்வொரு திங்கக்கெழமையும் சுத்தியல நிறுத்திட்டு உத்துக் கேட்டுப் பாப்பேன். ஒண்ணும் வராது. உன்கிட்டச் சொல்ல வெக்கமா இருந்துச்சு.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “இப்பப் பாரு, ஊதவே இல்லையாம்! என் காது நல்லாத்தான் இருக்கு!”

அவள் மனதில் ‘ம்’ என்ற பதில்களும் போனும் டிவியும் வேறு வரிசையில் வந்து நின்றன. அந்த வரிசையை அவள் பார்க்க விரும்பவில்லை. ஒரு தரம், ஒரே ஒரு தரம், தன் சந்தேகம் பொய்யாகட்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

அவள் போன் போட்டதும் பொறியாளர் ஒரு மணி நேரத்தில் அடித்துப்பிடித்து வந்தார். கம்பத்தில் ஏறிய ஆள் மேலிருந்தே கத்தினான்: ஒயர் சுருட்டிக் கட்டியபடி அப்படியே இருக்கிறது, குழலில் இணைக்கவே இல்லை. சைரனை மாட்டுவது பொறியியல் பிரிவின் வேலையாம், மின்சாரம் கொடுப்பது மின் பிரிவின் வேலையாம். மாட்டியாயிற்று என்று இவர்கள் கோப்பை மூட, இணைத்திருப்பார்கள் என்று அவர்களும் மூடிவிட்டார்கள்.

“கேட்டதா வாராவாரம் கையெழுத்து வந்துச்சே மேடம். நாங்க எதுக்கு மேல ஏறிப் பாக்கப்போறோம்?” என்றார் பொறியாளர். பதிவேட்டில் அந்தப் பத்தியைப் போட வைத்ததே அவள்தான்.

மாலை நான்கு மணிக்கு மறுபடி ஊதிப் பார்ப்பதாக ஏற்பாடு. வீட்டுக்காரர் மூன்றரைக்கே முகம் கழுவி, சட்டை மாற்றி, கடை வாசலில் வந்து நின்றார். சுத்தியல் உள்ளே கிடந்தது. காவலாளி பதிவேட்டோடு பக்கத்தில் நின்றான்.

நான்கு மணிக்குச் சைரன் ஊதியது. எதிர்க் கூரையில் இருந்த புறாக்கள் ஒரேயடியாகக் கிளம்பின. பெயிண்டரின் இளைய மகள் காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவந்தாள். எதிர்பார்த்து நின்றவளுக்கே தூக்கிவாரிப்போட்டது.

அவர் மதகுப் பக்கம் பார்த்தபடி அசையாமல் நின்றுகொண்டிருந்தார். இன்னும் காத்திருந்தார். புறாக்கள் பறப்பதைப் பார்த்தார், காதைப் பொத்திய குழந்தையைப் பார்த்தார், பிறகு மெதுவாகத் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். முகத்தில் தெரிந்ததை அவளால் மறைக்க முடியவில்லை.

“ஊதுதா?” என்றார்.

அவள் தலையசைத்தாள். கண்ணீர் பொலபொலவென்று வந்தது. ஊருக்கெல்லாம் பூதக்கண்ணாடி, பக்கத்தில் படுத்திருந்த மனிதனைப் பார்க்கவில்லையே என்று தன்னையே நொந்துகொண்டாள்.

அவர் பதிவேட்டை வாங்கி, ‘எனக்குக் கேட்கவில்லை’ என்று நிதானமாக எழுதினார். கீழே வால் நீட்டி, இரண்டு புள்ளி வைத்தார். பேனாவை அவளிடம் கொடுத்தார். அடுத்த வரியில் அவள் ‘கேட்டது’ என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.

காவலாளி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். “இதுல எதக்கா மேல அனுப்புறது?”

“ரெண்டையும் அனுப்பு” என்றாள். பிறகு கணவருக்கு எதிரே போய், அவர் கண்ணுக்கு நேராக நின்று, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்: “நாளைக்குக் காலையில டாக்டர்கிட்டப் போறோம்.”

“ம்” என்றார் அவர்.